தின்றது பயில்வான்... செத்தது மோலிகள்! அயனாவரம் தையல் கடையில் மீன் தொட்டி மர்மம் துலங்கியது

சென்னை அயனாவரத்தில் ஒரு தையல் கடை. அங்கே கண்ணாடித் தொட்டியில் வளர்ந்த மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து மிதந்தன. மூன்று நாளில் நான்கு உயிர்கள் போயின. "விஷம் வைத்தது நீதான்" என்று பக்கத்துக் கடைக்காரர் மீது பழி விழுந்தது. கைகலப்பு வரை போய்விட்டது.

கடைசியில் குளத்தூரில் துப்புத் துலங்கியது. குற்றவாளி வெளியாள் அல்ல. கடையில் இருந்த எல்லாரும் அன்போடு அள்ளிப் போட்ட தீனிதான்!

ஒண்டுக் குடித்தனம்

தையல் கடைத் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். சுமார் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கடைக்கு வருகிறவர்கள் துணி தைத்து முடிகிற வரை அதைத்தான் பார்த்துக் கொண்டிருப்பார்கள். ஒரு வருடமாக ஒரு குறையும் இல்லை.

அதில் கறுப்பு மோலி ஆறு. அடித் தரையில் மேயும் கோரி என்ற குட்டி மீசை மீன் மூன்று. கௌராமி ஒன்று. கோல்டு பிஷ் ஒன்று. இப்படிப் பல ஜாதி மீன்களை ஒரே தொட்டியில் வளர்ப்பதை மீன் கடைக்காரர்கள் "கம்யூனிட்டி டேங்க்" என்பார்கள். நம் ஊர் ஒண்டுக் குடித்தனம் மாதிரிதான். ஒரே முற்றம், ஒரே குழாய், ஒரே சாக்கடை. ஒரு வீட்டுக்காரன் அட்டகாசம் செய்தால் அத்தனை வீட்டுக்கும் தொல்லை.

அந்த அட்டகாசக்காரன்தான் கோல்டு பிஷ். தையல்காரரின் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவள் வைத்த பெயர் பயில்வான். கண்ணாடி அருகே யார் வந்தாலும் வாயைத் திறந்து கொண்டு ஓடி வருவான். எவ்வளவு போட்டாலும் தின்பான். தின்றுவிட்டு மறுபடியும் கேட்பான்.

மகாராணி வந்தாள்

குளத்தூரிலிருந்து ஒரு ஏஞ்சல் மீன் வாங்கி வந்து விட்டார் தையல்காரர். வெள்ளி உடம்பு, கறுப்புப் பட்டை, பட்டம் போல விரிந்த செட்டை. மகள் அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தாள்.

மகாராணி சாப்பிடவில்லை! குருணைத் தீனியை வாயில் வாங்குவாள். இரண்டு தடவை மெல்லுவாள். "தூ" என்று துப்பிவிடுவாள். துப்பியது கீழே இறங்குவதற்குள் பயில்வான் பாய்ந்து விழுங்கிவிடுவான்.

"ஐயோ பாவம், பட்டினி கிடக்குதே" என்று எல்லாருக்கும் மனசு கேட்கவில்லை. காலையில் கடை திறந்ததும் முதலாளி ஒரு சிட்டிகை போட்டார். பதினோரு மணிக்கு காஜா பையன் ஒரு சிட்டிகை. மதியம் சாப்பாடு கொண்டு வந்த அம்மா நாலு பருக்கை சோறு. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் ஒரு சிட்டிகை. துணி வாங்க வந்தவர்களின் பிள்ளைகள் டீ பன்னைப் பிய்த்துப் போட்டன. தீனி டப்பா தொட்டி மேலேயே இருந்தது. யார் எப்போது போட்டார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஐந்து நாளில் தண்ணீர் அரிசி கழுவிய கழுநீர் போல வெளுத்தது. லேசாக நாற்றமும் அடித்தது.

தையல்காரர் சுத்தக்காரர். சனிக்கிழமை சாயங்காலம் மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டினார். கூழாங்கல்லைத் தேய்த்துக் கழுவினார். பில்டரில் இருந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து, அழுக்குப் போகப் பிழிந்து பிழிந்து அலசினார். புதுக் குழாய்த் தண்ணீரை நிரப்பி மீன்களை விட்டார். தொட்டி பளபளவென்று இருந்தது. நிம்மதியாகக் கடையைப் பூட்டினார்.

விடிந்ததும் பிணம்!

ஞாயிறு காலையில் இரண்டு மோலிகள் வயிற்றைக் காட்டிக் கொண்டு மிதந்தன. திங்களன்று மூன்றாவது மோலி. செவ்வாய் காலையில் நான்காவது. உயிரோடு இருந்தவையும் தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. மகாராணி ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தாள். சிறுமி அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது.

கூட்டத்தில் ஒருவர் கண் திருஷ்டி என்றார். இன்னொருவர், "பக்கத்துக் கடையில கரப்பானுக்கு மருந்து அடிச்சாங்களே, கவனிக்கலையா?" என்று எடுத்துக் கொடுத்தார்.

பக்கத்துக் கடை மளிகைக் கடை. சனிக்கிழமை ராத்திரி அண்ணாச்சி கரப்பான் மருந்து அடித்தது உண்மை. பூச்சி மருந்து மீனுக்கு எமன் என்பதும் உண்மை. மறுநாள் காலையில்தான் சாவு. எல்லாம் பொருந்தி வந்தது.

"நாலு உயிரைக் கொன்னுட்டீங்களே அண்ணாச்சி!" என்று தையல்காரர் சட்டையைப் பிடிக்கப் போய்விட்டார். 15 வருடப் பழக்கம் ஒரு நிமிடத்தில் அறுந்தது.

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏன் மாஸ்டர், வாயில்லா ஜீவனுக்கா நான் விஷம் வைப்பேன்? வாங்க, மீன் வாங்கின கடைக்கே போவோம். என் மருந்துதான்னு அவங்க சொன்னா, உங்க காலில விழுதேன்" என்றார்.

செத்த மோலி ஒரு பிளாஸ்டிக் பையில். தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டிலில். அண்ணாச்சியின் மொபெட்டில் தையல்காரர் பின்னால் உட்கார்ந்தார். அயனாவரத்திலிருந்து குளத்தூர் வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

குளத்தூரில் விசாரணை

ஒரு காலத்தில் சென்னையில் மீன், குருவி, முயல் என்றால் மூர் மார்க்கெட். 1985 மே மாதம் அது தீக்கிரையானது. இன்று வண்ண மீன் என்றால் குளத்தூர். அங்கே மீன் கடை வைத்திருக்கும் அந்தப் பெரியவர், மூர் மார்க்கெட் காலத்திலேயே மீன் விற்றவர்.

அவர் பையைப் பார்க்கவில்லை. முதலில் கேட்டது இதுதான்: "தினம் எத்தனை வேளை தீனி? யார் யார் போடறீங்க?"

தையல்காரர் விரல் விட்டு எண்ணினார். எண்ணிக் கொண்டே வந்தவர் குரல் இறங்கிவிட்டது.

"கௌராமி எப்படி இருக்கு?"

"அது நல்லா இருக்குங்க."

"கோல்டு பிஷ்?"

"அதுக்கென்ன, இப்பவும் தீனி கேக்குது."

பெரியவர் சிரித்தார். "கரப்பான் மருந்து தண்ணியில விழுந்திருந்தா ஒண்ணும் மிஞ்சாது தம்பி. ஒரே ராத்திரியில மொத்தமும் காலி. இங்க நாள் ஒண்ணா, ரெண்டா சாவுது. கௌராமி மேல வந்து காத்தைக் குடிச்சுப் பொழைச்சுக்கும். கோல்டு பிஷ் கெட்ட தண்ணியிலயும் தாக்குப் பிடிக்கும். மோலி தாங்காது" என்றார்.

பச்சை நிறம் காட்டிக் கொடுத்தது

பாட்டிலில் இருந்த தண்ணீரை ஒரு சோதனைக் குழாயில் ஊற்றினார். மருந்து சில சொட்டு விட்டுக் குலுக்கினார். தண்ணீர் சுத்தமாக இருந்தால் மஞ்சளாகவே நிற்கும். அம்மோனியா இருந்தால் பச்சையாகும்.

சில நிமிடங்களில் குழாய் பச்சைப் பசேலென்று ஆனது. அண்ணாச்சி பெருமூச்சு விட்டார்.

நடந்தது இதுதான். மீன் தின்ற தீனியின் கழிவு பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே வருகிறது. தின்னாமல் கிடக்கும் சோறும் பன்னும் குருணையும் அழுகி இன்னும் அம்மோனியாவைக் கக்குகின்றன. இது செவுளைப் புண்ணாக்கும் விஷம். தண்ணீர் சூடாக இருந்தாலும், காரத்தன்மையோடு இருந்தாலும் இந்த விஷத்தின் வீரியம் கூடும். அழுகும் பண்டம் தண்ணீரில் உள்ள பிராண வாயுவையும் உறிஞ்சிவிடும். மீன் மேலே வந்து வாய் பிளப்பது அதனால்தான்.

அப்படியானால் ஒரு வருடமாக ஏன் சாகவில்லை? காவல்காரர்கள் இருந்தார்கள். பில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் குடியிருந்தன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். அதில் ஆபத்துக் குறைவு. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அதுவும் போய்விடும்.

தீனி அளவுக்கு மீறியதும் காவல்காரர்களால் சமாளிக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சைப் பிழிந்து அவர்களையும் தீர்த்துக் கட்டிவிட்டார் தையல்காரர். தொட்டி பளபளத்தது. காவல் இல்லாத வீடாயிற்று. புதிதாக அந்தக் காவல் உண்டாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

"ஊருக்கெல்லாம் அளவு எடுக்கறியே தம்பி, மீனுக்கு அளவு வேணாமா?" என்றார் பெரியவர்.

தையல்காரர் தலை குனிந்தார். அண்ணாச்சி கையைப் பிடித்துக் கொண்டார். "விடுங்க மாஸ்டர். நானும் ரெண்டு தடவை பொரிகடலை போட்டிருக்கேன்" என்று அண்ணாச்சியும் ஒப்புக்கொண்டார்!

வயிறு இல்லாத பயில்வான்

கோல்டு பிஷ்ஷுக்கு நம்மைப் போல இரைப்பையே கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போய்விடுகிறது. குளத்தில் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்கிற ஜாதி அது. அதனால் எப்போது பார்த்தாலும் தேடிக் கொண்டே இருக்கும். அது ஓடி வருவது பசியால் என்று நினைப்பது தவறு. தீனி போடும் ஆளை அடையாளம் தெரிந்து வைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட பெருந்தீனிக்காரனுக்குப் பெரியவர் சொன்ன சட்டங்கள் இவை:

தீனி ஒரு நாளைக்கு ஒரு வேளை, மிஞ்சினால் இரண்டு வேளை. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுதான் ஒரு வேளைத் தீனி. அதற்கு மேல் மிஞ்சினால் வலையால் அள்ளி எடுத்துவிட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விரதம். நல்ல ஆரோக்கியமான வளர்ந்த மீன் சில நாள் தீனி இல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. மீன் நம்மைப் போல உடம்புச் சூட்டைக் காப்பாற்றத் தின்ன வேண்டியதில்லை.

காய்ந்த குருணை தண்ணீரில் ஊறிப் பருக்கும். அதைத் தின்று வயிறு ஊதி, கோல்டு பிஷ் தலைகீழாக மிதப்பது உண்டு. அப்போது ஒரு நாள் பட்டினி போட்டு, வேகவைத்த பச்சைப் பட்டாணியைத் தோல் உரித்து நசுக்கி ஒரு துணுக்குக் கொடுப்பது வழக்கம். ஆனால் வயிறு வீங்கிச் செதில்கள் அன்னாசிப் பழம் போலச் சிலிர்த்து நின்றால் அது தின்ற வீக்கம் இல்லை. நோய். உடனே தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

சோறு, பன், பிஸ்கட் கூடவே கூடாது. மீனுக்கு அதில் சத்தும் இல்லை. தண்ணீருக்குக் கேடு.

பிடிவாதக்காரியை வழிக்குக் கொண்டு வர

ஏஞ்சல் மீனின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆறு. செடி மறைவில் பதுங்கி நின்று, அசையும் புழுவையும் பூச்சியையும் குட்டி மீனையும் லபக்கென்று பிடிக்கிற ஜாதி. அசையாத குருணை அதற்கு உணவாகவே தெரியாது. புது இடம் வேறு. பயில்வான் மாதிரி முரடன் பக்கத்தில் இருந்தால் பயந்து ஒதுங்கிவிடும். வாயில் வாங்கித் துப்புவது திமிர் அல்ல.

மீன் தின்ன மறுத்தால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. கெட்ட தண்ணீரில் மீன் தின்ன மறுக்கலாம். தண்ணீர் நன்றாக இருந்தும் தின்னாமல், நூல் போல வெள்ளையாக எச்சம் போட்டால் வயிற்றில் ஒட்டுண்ணி இருக்கலாம். அப்போது மருந்து வேண்டும். இரண்டும் இல்லை என்றால்தான் பிடிவாதம்.

பிடிவாதத்துக்கு வைத்தியம் இது. ஒரு நாள் பட்டினி. பிறகு, உறைய வைத்து விற்கும் ரத்தப் புழு அல்லது ஆர்ட்டீமியாவைக் கரைத்து, இங்க் பில்லரால் உறிஞ்சி மீனின் முகத்துக்கு நேரே மெதுவாக விட வேண்டும். நீரோட்டத்தில் புழு அசையும். மீன் பாயும். இரண்டு மூன்று நாள் கழித்து, ஊற வைத்த குருணை இரண்டை அதே புழுவோடு கலக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் புழுவைக் குறைத்துக் குருணையைக் கூட்டினால் வழிக்கு வந்துவிடும்.

சாக்கடையில் அள்ளிய புழு வேண்டாம். அதோடு நோயும் வரும். கொசுப் புழு மீனுக்கு நல்ல தீனிதான். ஆனால் வாளியில் கொசுப் புழு வளர்த்தால் மாநகராட்சிக்காரர்கள் வந்து அபராதம் போடுவார்கள். தெருவுக்கும் கொசு.

அடித் தரைக்காரர்களுக்கு இரவுப் பந்தி

இன்னொரு அநியாயமும் விசாரணையில் வெளிப்பட்டது. கோரி மீன்கள் எலும்பும் தோலுமாக இருந்தன. "அது அழுக்கைத் தின்னு பொழைச்சுக்கும்" என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டார் தையல்காரர். தொட்டி கழுவும் மீன் என்று விற்கிற சக்கர் மீன் பற்றியும் இப்படித்தான் சொல்கிறார்கள். எந்த மீனும் அடுத்த மீனின் கழிவைத் தின்று வாழ்வதில்லை. அவற்றுக்கும் தனியாக இலை போட வேண்டும்.

விளக்கை அணைத்த பிறகு, கீழே மூழ்குகிற மாத்திரைத் தீனி ஒன்று போட்டால் போதும். பெருந்தீனிக்காரர்கள் இருட்டில் அடங்கிக் கிடப்பார்கள். மீசை மீன்கள் தடவித் தடவித் தின்னும்.

பகல் பந்திக்கும் ஒரு தந்திரம் உண்டு. முதலில் ஒரு மூலையில் மிதக்கும் தீனியைப் போட்டு முரடனை அங்கே இழுக்க வேண்டும். அவன் அங்கே மும்முரமாக இருக்கும்போது, எதிர் மூலையில் கூச்சக்காரனுக்குப் போட வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் பத்து நிமிடத்துக்கு நடுவில் ஒரு தடுப்பு.

அழுக்கு ஸ்பாஞ்சு சன்மானம்

பெரியவர் தம் கடையில் ஓடிக் கொண்டிருந்த ஒரு தொட்டியிலிருந்து பழைய அழுக்கு ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்து ஈரத்தோடு பையில் போட்டுக் கொடுத்தார். அதில் உயிரோடு காவல்காரர்கள் இருக்கிறார்கள். காசு வாங்கவில்லை. "இதைக் குழாயில அலசிடாதே. தொட்டித் தண்ணியையே ஒரு வாளியில எடுத்து லேசா முக்கி எடு, போதும்" என்று எச்சரித்து அனுப்பினார்.

நீல மருந்தைக் கண்டபடி ஊற்றவும் வேண்டாம் என்றார். அது பில்டர் பாக்டீரியாவையும் பாதிக்கும்.

இரண்டு நாள் தொட்டியில் தீனி இல்லை. தினம் கால் பங்குத் தண்ணீர் மட்டும் மாற்றினார்கள். அதுவும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்ட தண்ணீர். ஒரு முழ பிளாஸ்டிக் குழாயால் அடியில் கிடந்த அழுகலை உறிஞ்சி எடுத்தார்கள். காஜா பையன் கொசுவலைத் துணியில் ஒரு தடுப்புத் தைத்துக் கொடுத்தான். சாவு நின்றது.

பயில்வானுக்கு ஜாகை மாற்றம்

ஆனால் பயில்வானும் மகாராணியும் நிரந்தரமாகச் சேர்ந்து வாழ முடியாது. கோல்டு பிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். ஏஞ்சலுக்கு வெதுவெதுப்பு வேண்டும். வால் நீண்ட சாதாரண கோல்டு பிஷ் ஒரு அடி வரை வளரக் கூடியது. 50 லிட்டர் தொட்டி அதற்குச் சிறை. வாய்க்குள் போகிற சின்ன மீனையும் விழுங்கிவிடும்.

"ரெட்டேரியில விட்டுடலாமா?" என்று கேட்டான் காஜா பையன். அந்தத் தவறை மட்டும் யாரும் செய்யக் கூடாது. வீட்டில் வளர்க்க முடியாமல் ஏரியிலும் குளத்திலும் விட்ட சக்கர் மீன்கள் பெருகி, நம் ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துவிட்டன. மீனவர் வலையில் விற்க முடியாத சக்கர் மீன் வந்து விழுகிறது.

அப்போது வந்து நின்றார் அண்ணாச்சி. அவர் வீட்டுப் பின்கட்டில் நிழலில் பெரிய சிமென்ட் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. "பயில்வானை நான் கொண்டு போறேன் மாஸ்டர். கொலைப் பழி சுமந்தவனுக்கு ஒரு மீனாவது மிஞ்சட்டுமே" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

பயில்வான் இப்போது அண்ணாச்சி வீட்டில். பொரிகடலை கிடையாது!

சட்டைப் பட்டன் அளவு

தையல் கடையில் தீனி டப்பா தொட்டி மேலிருந்து இறங்கிப் பெட்டிக்குள் போய்விட்டது. சாவி மகளிடம். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. ஒரு சட்டைப் பட்டன் மேல் நிற்கிற அளவுதான் கணக்கு. வெள்ளிக்கிழமை விரதம். தொட்டிக் கண்ணாடியில் அவள் எழுதி ஒட்டிய அட்டை தொங்குகிறது: "பசி இல்லை. யாரும் தீனி போடாதீர்கள்."

மகாராணி பன்னிரண்டு நாள் போக்குக் காட்டினாள். பதின்மூன்றாம் நாள் காலையில் குருணையை வாயில் வாங்கினாள். மெல்லினாள். கடையே மூச்சைப் பிடித்துக் கொண்டு பார்த்தது.

துப்பவில்லை!

சிறுமி கை தட்டிய சத்தம் கேட்டு, பக்கத்துக் கடையிலிருந்து தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார் அண்ணாச்சி.